பழைய டிஸ்க், புது டிஸ்க்

கேள்வி: ஐயா, தோட்டத்துக் கோயில் கணக்கு, தீமிதித் திருவிழாப் படங்கள் எல்லாம் வீட்டுக் கணினியின் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. கடைக்காரர் 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) குளோன் செய்யலாம் என்கிறார். அப்புறம் பேக்கப் எதற்கு?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: எதற்கென்றால் அம்மா, குளோன் விண்டோஸோடு சேர்த்து அப்படியே பிரதி எடுக்கும்; போன வாரம் கைதவறி அழித்த கணக்கைத் திருப்பித் தராது. அதனால் முதலில் பேக்கப்: கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியே கிடந்தால், சாயங்கால இடிக்கு இரண்டும் சேர்ந்தே போகலாம்.

480 என்றது விலையைப் பார்த்துத்தான் இருக்கும். குளோன் செய்ய இலவசமாகக் கிடைக்கும் குளோன்ஸில்லா என்ற மென்பொருள், புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதென்றால் சாதாரணமாக ஒத்துக்கொள்ளாது. 512 ஜிபியே வாங்குங்கள். குளோன் செய்யும்போது இலக்கு டிஸ்க்கில், அதாவது பிரதி போய்ச் சேரும் டிஸ்க்கில், இருப்பதெல்லாம் அழியும்; எது பழையது, எது புதியது என்று மாடல் பெயரைப் பார்த்தே தேர்ந்தெடுங்கள். புதியதில் விண்டோஸ் எழும்பி, கணக்கும் திறக்கும்வரை பழையதைத் தொடவேண்டாம்.