அரசியல்வாதிக்குச் சம்பளம் எவ்வளவு? ஓர் ஊராட்சிச் செயலரின் பதில்

அரசியல்வாதிகளுக்கு எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம், கூட்டிக் கொடுத்தால் திறமையுள்ளவர்கள் வருவார்களா அல்லது காசுக்காக வருகிறவர்கள்தான் பெருகுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஓர் ஊராட்சியில் முதலில் எழுத்தராகவும் பின்னர் செயலராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். 1996இல் புதிய சட்டப்படி உள்ளாட்சித் தேர்தல் நடந்ததிலிருந்து ஐந்து தலைவர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். அவர்களுடைய தீர்மானப் புத்தகங்களை என் கையால்தான் எழுதினேன். ஆகவே சென்னையையும் தில்லியையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ. ஒருவருக்கு மாதம் 55,000 ரூபாயாக இருந்தது 2017 ஜூலையில் 1,05,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வறட்சி நிவாரணம் கேட்டுத் தமிழக விவசாயிகள் தில்லியில் போராடிய ஆண்டு அது என்பதால் மக்களுக்குக் கடுங்கோபம் வந்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தத் தொகையைப் பிரித்துப் பார்த்தால் சம்பளம் என்பது 30,000 ரூபாய்தான். மீதி 75,000 ரூபாயும் தொகுதிப்படி, வாகனப்படி, தொலைபேசிப்படி என்று பல பெயர்களில் வருகிறது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் 2018இல் ஒரு லட்சமாக்கப்பட்டு, விலைவாசிக் குறியீட்டோடு இணைக்கப்பட்டது. அந்தக் கணக்கின்படி 2025 மார்ச்சில் 1,24,000 ரூபாயாக அறிவிக்கப்பட்டது. தொகுதிப்படியும் அலுவலகச் செலவும் தனி.

இந்த எண்களை அவற்றின் பக்கத்தில் இருக்கும் இன்னோர் எண்ணோடு சேர்த்தே பார்க்க வேண்டும். சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் ஒரு வேட்பாளர் செலவு செய்யச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். அந்த வரம்புக்குள் நின்று செலவு செய்தவருக்குக்கூட, படிகளையும் சேர்த்து முப்பத்தெட்டு மாதச் சம்பளம் அதற்கே போய்விடும். வரம்பு எப்படி மதிக்கப்படுகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பணப் பட்டுவாடா காரணமாக 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் நடக்கவிருந்த தேர்தல்களைத் தேர்தல் ஆணையமே நிறுத்தியது. அப்படிச் செலவழித்து வருகிறவர், மாதச் சம்பளம் ஒரு லட்சமா இரண்டு லட்சமா என்று பார்த்து வருவதில்லை. சம்பளத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அவருடைய கணக்கு மாறாது. மாறுவது, செலவழிக்க வழியில்லாமல் வாசலிலேயே நின்றுவிடுகிறவரின் கணக்குதான்.

அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். 2001இல் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தபோது, பீடி சுற்றும் பெண்மணி ஒருவர் வெற்றி பெற்றார். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் வட்டாரங்களில் வீட்டுக்கு வீடு சுளகில் இலையும் தூளும் வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு, அந்த வேலையில் ஒரு நாள் விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்திருக்கும். சுற்றிக் கொடுத்தால்தான் கூலி. விடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஊராட்சித் தலைவருக்கு யூனியன் அலுவலகக் கூட்டம் உண்டு, கலெக்டர் அலுவலகக் கூட்டம் உண்டு, குடிநீர் மோட்டார் பழுதானால் அன்றைக்கே அலைய வேண்டியது உண்டு. இத்தனைக்கும் அவருக்குக் கிடைத்த படி பஸ் செலவுக்கே காணாது.

அந்த ஐந்து ஆண்டுகளில் ஒப்பந்தகாரர்களிடமிருந்து ஒரு ரூபாய்கூட அவர் வாங்கவில்லை. ஒருமுறை மேசை மேல் வைத்துவிட்டுப் போன உறையை என்னையே எடுத்துக்கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். மேல்நிலைத் தொட்டியிலிருந்து கிழக்குத் தெருவுக்குக் குழாய் போனது அவர் காலத்தில்தான். அதற்கு முன்பு அந்தத் தெருப் பெண்கள் வாய்க்காலுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். ஆனால் நான்காவது ஆண்டில் ஒருநாள், செக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி, ரெண்டு நாளு யூனியனுக்கு அலைஞ்சா ரெண்டாயிரம் பீடி போச்சு. வீட்டுல கேக்காவ, நான் என்னத்தச் சொல்லட்டும்?" அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவருக்குக் கீழே எழுத்தராக இருந்த என் சம்பளம் அவருடைய படியைப்போலப் பல மடங்கு என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

2006இல் அந்தப் பதவி பொதுப் பிரிவுக்கு மாறியது. பொதுப் பதவியில் பெண்கள் நிற்கத் தடை ஏதும் இல்லை. ஊரில் பாதிப் பேர் அவரையே நிற்கச் சொன்னார்கள். அவர் நிற்கவில்லை. அவருக்குப் பின் வந்தவரிடம் இரண்டு மணல் லாரிகள் இருந்தன, மைத்துனர் பெயரில் ஒப்பந்த உரிமமும் இருந்தது. மதிப்பூதியம் எவ்வளவு என்று அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நல்லவர்கள் பதவிக்கு வந்த பிறகு கெட்டுப்போகிறார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். நான் கண்டது வேறு. நல்லவர்கள் ஒருமுறை வந்து, கடன்பட்டு, மறுமுறை நிற்காமல் போய்விடுகிறார்கள். நட்டம் தாங்குகிறவர் மட்டும் மறுபடியும் நிற்கிறார், அந்த நட்டத்தை எங்கே ஈடுகட்டுவது என்பதை முன்பே தெரிந்துகொண்டு.

இது இன்றும் பெரிதாக மாறவில்லை. 2023 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சிப் பொறுப்பாளர்களுக்கு மாத மதிப்பூதியம் தரப்படுகிறது: மேயருக்கு 30,000, மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000, நகராட்சித் தலைவருக்கு 15,000, பேரூராட்சித் தலைவருக்கு 10,000, பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500 ரூபாய். இது நல்ல தொடக்கம் என்றே நினைக்கிறேன். ஆனால் சுமார் 12,500 கிராம ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் தலைவர்கள் மாதம் முழுவதும் வேலை பார்த்துப் பெறுவது, இங்கே ஒரு கொத்தனார் ஓரிரு நாளில் வாங்கும் கூலியளவுதான். குடிநீர், தெருவிளக்கு, குப்பை, வீட்டு வரி, ஊரக வேலைத் திட்டம் என்று மக்களுக்கு அன்றாடம் தேவையான அனைத்தும் அவர் கையெழுத்தில்தான் நடக்கின்றன. அந்தக் கையெழுத்துக்கு நாம் வைத்திருக்கும் விலை இது.

சம்பளம் இல்லாத பதவி இன்னொரு தீமையையும் செய்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் ஒதுக்கப்பட்ட இடங்களில், ஊரின் பெரிய கை ஒருவர் தமக்கு அடங்கிய ஒருவரை நிறுத்தி, தேர்தல் செலவையும் தாமே செய்வார். வென்றவருக்குச் சொந்த வருமானம் இல்லாதவரை, செலவு செய்தவர்தான் தலைவர். அதை மீறித் தாமே தலைவராக நடந்துகொள்கிறவருக்கு என்ன நேரலாம் என்பதை எங்கள் மாவட்டம் பார்த்திருக்கிறது. தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த, பட்டியல் சாதியைச் சேர்ந்த கிருஷ்ணவேணி 2011 ஜூனில் வெட்டப்பட்டுக் குற்றுயிராகக் கிடந்தார். அவர் உயிர் பிழைத்தது மன உறுதியால்தான். மாதச் சம்பளம் அரிவாளைத் தடுக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இவ்வளவு ஆபத்தைத் தாங்கச் சொல்லும் வேலைக்குக் கௌரவமான கூலிகூடக் கொடுக்க மாட்டோம் என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உண்மையான தொண்டனுக்குச் சம்பளம் எதற்கு, பொதுவுடைமைக் கட்சித் தலைவர் நல்லகண்ணு அவர்களைப் பாருங்கள் என்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த அவர், 2022இல் தமிழக அரசு தகைசால் தமிழர் விருதோடு கொடுத்த 10 லட்சம் ரூபாயுடன் தம் பணம் ஐயாயிரத்தையும் சேர்த்து முதலமைச்சர் நிவாரண நிதிக்கே திருப்பிக் கொடுத்தார். தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில்தான் 2010இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. நான் சொன்ன அந்த மணல் லாரிகள் ஆற்றுக்குள் இறங்காமல் நின்றதும் அதற்குப் பிறகுதான். அவரை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு கட்சி இருந்தது. பொதுவுடைமைக் கட்சிகளில் உறுப்பினர்கள் தங்கள் சட்டமன்றச் சம்பளத்தைக் கட்சியிடம் கொடுத்துவிடுவதும், முழுநேர ஊழியர்களின் குடும்பச் செலவுக்குக் கட்சியே ஒரு தொகை தருவதும் நெடுநாள் வழக்கம். அதுவும் ஒருவகைச் சம்பளமே. கட்சி தாங்காத, நிலபுலன் இல்லாத, பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டிய ஒருவரிடம் அவரைப்போல் இரு என்று சொல்வது, நீ வராதே என்று சொல்வதற்குச் சமம்.

இங்கிலாந்தில் உழைப்பாளர்கள் இதை முன்பே புரிந்துகொண்டார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் வேண்டும் என்பது 1838இல் சார்ட்டிஸ்டுகள் என்ற தொழிலாளர் இயக்கத்தினர் முன்வைத்த மக்கள் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளில் ஒன்று. சுரங்கத் தொழிலாளியோ நெசவாளியோ சம்பளமில்லாமல் நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது என்பதே அதன் பொருள். அது நிறைவேற 1911 வரை ஆயிற்று. அந்த ஆண்டில்தான் ஆண்டுக்கு 400 பவுண்டு என்று வைத்தார்கள்.

கூட்டிக் கொடுத்தால் யார் வருவார்கள் என்பதை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். பிரேசிலில் நகராட்சி உறுப்பினர்களின் சம்பள வரம்பு மக்கள்தொகையைப் பொறுத்து மாறுவதால், அந்த எல்லைக்கோட்டின் இருபுறமும் இருந்த ஊர்களை ஒப்பிட்டார்கள். சம்பளம் கூடிய இடங்களில் போட்டியிட்டவர்கள் பெருகினார்கள், படித்தவர்கள் ஓரளவு கூடினார்கள், வேலையும் சற்றுக் கூடியது. இத்தாலியில் மக்கள்தொகை ஐயாயிரத்தைத் தாண்டினால் மேயரின் சம்பளம் கூடும். அப்படித் தாண்டிய ஊர்களின் மேயர்களிடமும் அதே போக்கு தெரிந்தது. எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகையும் ஏறத்தாழ அவ்வளவுதான் என்பதால் இந்த முடிவு எனக்கு அந்நியமாகப் படவில்லை. மறுபுறம், 2009இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் எல்லா நாட்டு உறுப்பினர்களுக்கும் ஒரே சம்பளம் என்று ஆக்கியபோது, ஊதியம் கூடிய நாடுகளில் பழைய உறுப்பினர்கள் மறுபடியும் நிற்பது அதிகரித்தது. அவர்கள் படித்த கல்லூரிகளின் தரத்தை வைத்துப் பார்த்தால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் தரம் குறைந்தது. சிங்கப்பூரில் அமைச்சர் சம்பளத்தைத் தனியார் துறையின் உச்ச வருமானத்தோடு இணைத்து வைத்திருந்தார்கள். மக்களின் அதிருப்திக்குப் பிறகு 2012இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குறைத்த பிறகும், தொடக்க நிலை அமைச்சருக்கு ஆண்டுக்கு 11 லட்சம் சிங்கப்பூர் டாலர் வந்தது. இவற்றிலிருந்து நான் புரிந்துகொள்வது, அடிமட்டத்தில், சம்பளம் மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் கூட்டினால் பயன் தெரிகிறது. உச்சியில், ஏற்கெனவே போதுமான அளவு கிடைக்கும் இடத்தில் கூட்டினால் பயன் நிச்சயமில்லை.

ஆகவே என் பதில் இது. ஊராட்சித் தலைவருக்கு, அவருக்குக் கீழே வேலை பார்க்கும் செயலரின் சம்பளத்துக்குக் குறையாத மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். அது அந்த ஊராட்சியின் வரி வருமானத்தை நம்பியிராமல் அரசு நிதியிலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் ஏழை ஊருக்கு ஏழைத் தலைவர் கிடைக்கவே மாட்டார். வார்டு உறுப்பினருக்குக் கூட்டத்துக்கு வரும் நாளின் கூலியாவது ஈடுகட்டப்பட வேண்டும். எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் இப்போதுள்ள தொகையே போதும். அரசியலமைப்பின் 106, 195ஆம் பிரிவுகள் தங்கள் சம்பளத்தைச் சட்டமியற்றித் தாங்களே முடிவு செய்யும் அதிகாரத்தை அவர்களுக்குத் தருகின்றன. எம்.பி.க்களின் செலவுக் கணக்கு முறைகேடு வெளிவந்த பிறகு 2009இல் பிரிட்டன் தனி ஆணையம் ஒன்றை அமைத்ததுபோல, இங்கேயும் சம்பளத்தை வேறொருவர் முடிவு செய்வதே முறை. படிகளைத் தனித்தனிப் பெயர்களில் ஒளித்து வைக்காமல் ஒரே தொகையாகச் சொல்ல வேண்டும்.

சம்பளம் வைத்தால் சம்பளத்துக்காகவே சிலர் நிற்பார்களே என்று கேட்பீர்கள். நிற்பார்கள். வேலையில்லாத பட்டதாரி ஒருவர் மாதச் சம்பளத்தை எண்ணி ஊராட்சித் தேர்தலில் நிற்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நான் எழுத்தர் வேலைக்கு மனுப் போட்டதும் சம்பளத்துக்காகத்தான். வேலையை ஒழுங்காகச் செய்வதற்கு அது எனக்குத் தடையாக இருக்கவில்லை. 2021இல் எங்கள் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது அந்தப் பெண்மணியைப் போய்ப் பார்த்து, இந்த முறையாவது நிற்கலாமே என்று கேட்டேன். சுளகிலிருந்து கையை எடுக்காமலே, மகளுடைய கல்லூரிக் கட்டணம் கட்ட இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன என்றார்.