கோழிக்குக் கண் வீக்கம், சளி, கொர்கொர் சத்தம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

புறக்கடையில் கோழி வளர்ப்பவர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கோழியின் முகத்தைப் பற்றியவை. கண் வீக்கம், மூக்கொழுகல், ராத்திரியில் கொர்கொர் சத்தம். கேள்வி எதுவானாலும் கடைசி வரி ஒன்றுதான்: "என்ன மருந்து கொடுக்கலாம்?" மருந்துக்குப் போகும் முன் நான் திருப்பிக் கேட்பது இவ்வளவுதான். வீங்கியது ஒரு கண்ணா, இரண்டுமா? ஒரு கோழிக்கா, கூட்டத்தில் பாதிக்கா? எத்தனை நாளில் பரவியது? சமீபத்தில் புதுக் கோழி ஏதாவது உள்ளே வந்ததா? இதற்கெல்லாம் பதில் கிடைத்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

பெட்டைக் கோழி ஒன்றுக்கு இடது கண் பெரிதாக வீங்கி மூடிவிட்டது. ஒரு வாரமாகச் சொட்டு மருந்து விட்டும் பலனில்லை. கண் போய்விடுமா?

பல நேரங்களில் வீங்கியிருப்பது கண்ணே அல்ல. கோழிக்குக் கண்ணுக்கு முன்னும் கீழும் தோலுக்கடியில் ஒரு சைனஸ் அறை உண்டு. மூக்கில் ஆரம்பித்த சளி அங்கே போய் அடைத்துக்கொள்கிறது. நமக்கு வரும் சீழ் இளகி வழியும். கோழியின் சீழ் அப்படியல்ல, இறுகி மஞ்சள் கட்டியாகிவிடும். கட்டி உள்ளே இருக்கும்வரை மேலே எத்தனை சொட்டு விட்டாலும் மருந்து அங்கே எட்டாது.

அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு சிறு கரண்டிக்குச் சற்றுக் குறைவாக (சுமார் நாலரை கிராம்) உப்புப் போட்டு, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். சுத்தமான துணியை அதில் நனைத்து மூடிய கண்மேல் ஐந்து நிமிடம் வைத்திருங்கள். ஒட்டிய இமை தானாகப் பிரியும். பிறகு அதே தண்ணீரால் கண்ணைக் கழுவுங்கள். இமை ஓரத்தில் மஞ்சள் கட்டியின் நுனி தெரிந்தால், ஈரப் பஞ்சால் மெல்ல உருட்டிப் பாருங்கள். சுலபமாக வந்தால் எடுத்துவிடலாம். வரவில்லையென்றால் பிடித்து இழுக்காதீர்கள், ரத்தம் கொட்டும். தோலுக்கடியில் கெட்டியாக நிற்கும் கட்டியைக் கால்நடை மருத்துவர்தான் சின்னதாகக் கீறி எடுத்து உள்ளே கழுவிவிட வேண்டும்.

கழுவும்போது கோழியைத் துண்டில் சுற்றிப் பிடியுங்கள். ஆனால் நெஞ்சை இறுக்காதீர்கள், மல்லாக்கப் போடாதீர்கள். கோழிக்கு உதரவிதானம் கிடையாது, மார்பெலும்பை அசைத்துத்தான் மூச்சு விடுகிறது. சளி அடைத்த கோழியின் மார்பை அழுத்தினால் கையிலேயே செத்துப்போகும்.

கண் திறந்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள். விழி தெளிவாக இருந்து, பாவை சுருங்கினால் பார்வை தப்பியது என்று நம்பலாம். விழிமேல் வெள்ளைப் புகைச்சல் தெரிந்தால் புண் இருக்கக்கூடும். அப்போது ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை விடவே கூடாது, புண் ஆழமாகும். மனிதர்களுக்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன் சேர்ந்திருக்கும். லேபிளைப் படியுங்கள்.

மற்ற கோழிகள் நன்றாக இருந்து, இதற்கு மட்டும் ஒரு கண் என்றால் கொத்துக் காயமாக இருக்கலாம். மூன்றாம் இமைக்கடியில் (கண்ணின் உள்மூலையிலிருந்து குறுக்கே வரும் மெல்லிய சவ்வு) உமியோ புல் விதையோ சிக்கியிருக்கலாம். வெப்பமான ஊர்களில் கண் புழுவும் உண்டு: அந்த இமையை விலக்கினால் நூல் மாதிரி வெள்ளையாக நெளியும். கரப்பான் பூச்சியைத் தின்பதால் வருவது அது.

இன்னொன்று. ஒரு கண் தெரியாத கோழியை மற்றவை கொத்தித் தீவனத்தில் அண்டவிடாது. தனியே வைத்து, தெரிகிற கண் பக்கமாகத் தீவனம் வையுங்கள். அடையும் நேரத்தில் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். அது காலியாக இருந்தால் நோயைவிடப் பட்டினி முந்திக்கொள்ளும்.

கண் ஓரத்தில் சோப்பு நுரை மாதிரி குமிழ் வருகிறது. ராத்திரி கொர்கொர் என்று சத்தம். ஆன்டிபயாடிக் கொடுத்தால் சரியாகிறது, இரண்டு மாதத்தில் மறுபடியும் வருகிறது. ஏன்?

நுரை, கொர்கொர், மெதுவாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றுவது, போய்ப் போய் வருவது: இதெல்லாம் சேர்ந்தால் முதல் சந்தேகம் மைக்கோபிளாஸ்மா காலிசெப்டிகம். நாட்பட்ட சுவாச நோய், சி.ஆர்.டி. என்று சொல்வது இதைத்தான். நோய் தொற்றி அறிகுறி தெரிய ஒன்று முதல் மூன்று வாரம்கூட ஆகும்.

இந்த நுண்ணுயிருக்குச் செல்சுவர் கிடையாது. பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகள் தாக்குவதே அந்தச் சுவரைத்தான், எனவே அவை இங்கே வீண். டைலோசின், டெட்ராசைக்ளின் வகை, டியாமுலின் ஆகியவை வேலை செய்யும். டியாமுலினில் ஒரு கண்டம் உண்டு. ரத்தக்கழிச்சலைத் தடுக்க மோனென்சின், சாலினோமைசின், நராசின் போன்றவை கலந்த தீவனம் கொடுக்கும்போது இதையும் கொடுத்தால் கோழி கால் முடங்கிச் சாகும். தீவனப் பையைக் காட்டாமல் இந்த மருந்தை வாங்காதீர்கள்.

மருந்து நோயை அடக்கும், கிருமியை முழுதாக விரட்டாது. ஒருமுறை பிடித்த கோழி உயிருள்ளவரை கிருமியைச் சுமக்கும். இறகு உதிரும் காலம், மழை, இடமாற்றம், குடல் புழு என்று உடம்பு தளரும்போது நோய் தலைதூக்கும். முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். ஆகவே அந்தக் கூட்டத்து முட்டையை அடைவைக்காதீர்கள், கோழியை யாருக்கும் கொடுக்காதீர்கள். கூட்டத்தை மூடிய கூட்டமாக (எதுவும் உள்ளே வராமல், வெளியே போகாமல்) வைத்துக்கொண்டு முட்டைக்கு வளர்ப்பதில் தவறில்லை.

சத்தம் குறைகிறதா என்று பகலில் தெரியாது. விளக்கணைத்து, கோழிகள் அடங்கியபின் கொட்டகைக்கு வெளியே பேசாமல் நில்லுங்கள். ஆரோக்கியமான கூட்டத்தில் மூச்சுச் சத்தமே கேட்காது. கேட்கிற கோழியைத் தூக்கி முதுகில் காதை வைத்தால் சளி எங்கே கரகரக்கிறது என்று தெரிந்துவிடும்.

மூன்றே நாளில் பாதிக் கோழிகளுக்கு முகம் வீங்கிவிட்டது. மூக்கில் ஒழுகுகிறது, பக்கத்தில் போனால் நாற்றம். சேவல்களுக்குத் தாடிகூட வீக்கம்.

இந்த வேகமும் அந்த நாற்றமும் கொரைசா என்னும் பாக்டீரியா சளி நோயைத்தான் காட்டுகின்றன. தொற்றிய ஒன்று முதல் மூன்று நாளில் அறிகுறி தெரியும். பொதுவாக, சில வாரங்களுக்குள் வந்த புதுக் கோழி ஒன்று பின்னணியில் இருக்கும். பார்வைக்கு நன்றாகவே இருக்கும் அது.

எரித்ரோமைசின், டெட்ராசைக்ளின், சல்ஃபா வகைகள் கேட்கும். சல்ஃபா முட்டையில் தங்கும் என்பதால் முட்டையிடும் கோழிக்குத் தவிர்ப்பது நல்லது. மருந்துத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் வைக்காதீர்கள். தினமும் புதிதாகக் கலக்குங்கள். டெட்ராசைக்ளின் கொடுக்கும் நாட்களில் கிளிஞ்சலையும் கால்சியம் டானிக்கையும் நிறுத்துங்கள். கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மிகவும் சோர்ந்த கோழி தண்ணீரே குடிக்காது, அதற்கு ஊசிதான்.

சாவு குறைவாகவே இருக்கும், முட்டை நன்றாகக் குறையும். தேறியவை இங்கேயும் கிருமியைச் சுமக்கும். கிருமியோ கோழிக்கு வெளியே சில நாட்களுக்குமேல் தாங்காது. எனவே எல்லாவற்றையும் கழித்துவிட்டு, கொட்டகையைக் கழுவிக் காயவிட்டு, இரண்டு மூன்று வாரம் காலியாகப் போட்டால் நோய் அற்றுப்போகும். அது மனசுக்குக் கஷ்டமென்றால் வெளியிலிருந்து புதுக் கோழி சேர்ப்பதை நிறுத்திவிடுங்கள். நடுவழி ஒன்று கிடையாது.

கண்ணில் சொட்டு விட்டுத் தடுப்பூசி போட்டேன். நாலாம் நாள் குஞ்சுகள் தும்முகின்றன. தடுப்பூசியே நோயைக் கொடுத்துவிட்டதா?

வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டு மருந்தில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். சில நாள் லேசான தும்மல் வரும், போய்விடும். ஒரு வாரம் தாண்டியும் நீடித்தால் உள்ளே ஏற்கெனவே மைக்கோபிளாஸ்மா இருந்திருக்கக்கூடும். தும்முகிற குஞ்சுக்குத் தடுப்பூசி போடாதீர்கள்.

குளிர்காலத்தில் எல்லாக் கோழியும் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு நிற்கின்றன. பீளையும் இல்லை, சளியும் இல்லை.

கொட்டகைக்குள் குத்துக்காலிட்டு, கோழியின் தலை உயரத்துக்கு உங்கள் மூக்கை இறக்கி மூச்சை இழுங்கள். கண் எரிந்தால் காரணம் கிருமி அல்ல, கூளத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா. குளிருக்குப் பயந்து சுற்றிலும் தார்ப்பாய் கட்டிவிடுகிறோம், ஈரமும் வாயுவும் உள்ளேயே நிற்கின்றன. அம்மோனியா மூச்சுக்குழாயின் நுண்மயிர்களையும் முடக்கிவிடும் என்பதால் அடுத்து நிஜமான சளி நோய் வரும். ஈரக் கூளத்தை மாற்றுங்கள், ஒழுகும் தண்ணீர்ப் பாத்திரத்தைச் சரிசெய்யுங்கள், கூரையை ஒட்டிக் காற்று போக இடம் விடுங்கள். ஆன்டிபயாடிக் வேண்டாம். பூசணம் பிடித்த கூளத்தையும் போடாதீர்கள்: அந்தப் பூஞ்சை குஞ்சின் நுரையீரலில் இறங்கினால் நம்பிக் கொடுக்க மருந்து இல்லை.

இமையிலும் கொண்டையிலும் கருப்புப் பொருக்கு. கண் மூடிக்கொள்கிறது. பொருக்கை உரித்து மருந்து போடலாமா?

உரிக்காதீர்கள். இது அம்மை. பொருக்குக்குள்தான் வைரஸ் இருக்கிறது. கீழே உதிர்ந்தால் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும். மூன்று நான்கு வாரத்தில் தானாகக் காயும். அதுவரை உப்புத் தண்ணீரால் கண்ணைத் திறந்துவிட்டு, தீவனம் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். கொசுவைக் கட்டுப்படுத்துங்கள். இன்னும் வராத கோழிகளுக்கு உடனே இறக்கையில் அம்மைத் தடுப்பூசி போடலாம்.

வாயையும் திறந்து பாருங்கள். தொண்டையில் மஞ்சள் படலம் ஒட்டியிருந்து, எடுத்தால் ரத்தம் வந்தால் அது உள் அம்மை, மூச்சையே அடைக்கும். மாறாக, சின்னச் சின்ன வெள்ளைக் கொப்புளங்களாகத் தெரிந்து இமையும் ஒட்டிக்கொண்டால் வைட்டமின் ஏ குறைவா என்று யோசியுங்கள். பழைய தீவனத்தை மட்டுமே தின்று, பச்சை எதுவும் கிடைக்காத கோழிக்கு வரும்.

கழுத்தை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. வெயிலாலா, நோயாலா?

வெயில் என்றால் எல்லாமே இறக்கையை அகட்டிக்கொண்டு வேகமாக மூச்சிரைக்கும், சத்தம் வராது, நிழலில் அடங்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தை மேலே நீட்டினால் மூச்சுக்குழாயில் அடைப்பு. தலையை உதறி ரத்தச் சளியைத் துப்பி, சுவரில் தெறித்திருந்தால் ஹெர்பிஸ் வகை வைரஸால் வரும் குரல்வளை நோயாக இருக்கலாம், உடனே மருத்துவர் வேண்டும். மண்புழு கொத்தித் திரியும் இளங்கோழி என்றால் மூச்சுக்குழாய்ப் புழுவையும் நினையுங்கள், ஃபென்பெண்டசோல் கேட்கும்.

வீட்டில் மிச்சமிருக்கும் குளோராம்ஃபெனிகால் கண் மருந்தைப் போடலாமா? முட்டையைச் சாப்பிடலாமா?

வேண்டாம். உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்கு அந்த மருந்து பல நாடுகளில் தடை செய்யப்பட்டது. மனிதரில் சிலருக்கு அது எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும், எவ்வளவு குறைவானால் பாதுகாப்பு என்று வரம்பே வகுக்க முடியவில்லை. மற்ற ஆன்டிபயாடிக்குகளுக்கு எத்தனை நாள் முட்டையையும் கறியையும் ஒதுக்க வேண்டும் என்பது லேபிளில் இருக்கும். அந்தக் கெடு, கடைசி வேளை மருந்து கொடுத்த பிறகுதான் தொடங்குகிறது. பூண்டுச் சாறு, தேன் என்று கண்ணில் விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பூண்டு விழியை எரித்துவிடும்.

நேற்று ஒன்று செத்துவிட்டது. என்ன நோயென்று பார்க்க எப்படி அனுப்புவது? நமக்குத் தொற்றுமா?

கொரைசாவும் கோழி மைக்கோபிளாஸ்மாவும் மனிதருக்கு வராது. வெள்ளைக்கழிச்சல் வைரஸ் கையிலிருந்து கண்ணுக்குப் போனால் சில நாள் கண் சிவந்து நீர் வடியும், தானாகச் சரியாகும். பயப்பட வேண்டியது பறவைக் காய்ச்சலுக்கு. ஒன்றிரண்டு நாளில் பல கோழிகள் திடீரென்று செத்து, கொண்டை நீலம் பாய்ந்து முகம் வீங்கியிருந்தால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், எங்கேயும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கால்நடைத் துறைக்குச் சொல்லிவிட்டு அவர்கள் வரும்வரை யாரையும் உள்ளே விடாதீர்கள்.

அப்படி இல்லாமல் ஒன்று மட்டும் செத்திருந்தால், கையுறை போட்டு இரண்டு பைக்குள் கட்டி, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்து அன்றைக்கே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்தால் திசு சிதைந்து பார்க்க ஒன்றும் மிஞ்சாது. என்ன மருந்து, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி, மேல் பைக்கு வெளியே ஒட்டிவிடுங்கள்.