குக் நிலைய ஓய்விடம்: முதலில் தண்ணீர்க் கணக்கு

நண்பரே, ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் சமவெளியில் குக் ரயில் நிலையத்துக்குப் பயணிகள் ஓய்விடம் வரைந்தேன், "தண்ணீர் எங்கிருந்து வரும்?" என்று வடிவமைப்பு ரிவ்யூவில் மடக்கிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். 1996 வரை 'டீ அண்ட் சுகர்' என்ற ரயில்தான் அந்தப் பாதை ஊர்களுக்குத் தண்ணீரும் மளிகையும் கொண்டுபோனது.

கூரையிலிருந்து தொடங்குங்கள். ஆண்டு மழை 180 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம் (சரியான எண்ணை அந்நாட்டு வானிலைத் துறையிடம் எடுங்கள்). 500 சதுர மீட்டர் கூரையில் 90,000 லிட்டர் விழும். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 72,000 கையில் நிற்கும். வாரம் இரண்டு ரயில், தலா 200 பேர், ஆளுக்கு 5 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 1,04,000. இடிக்கிறது, இல்லையா? ஃபிளஷ் கழிப்பறையைத் தூக்கிவிட்டு உலர் கழிப்பறை போடுங்கள். ஆளுக்கு 2 லிட்டரில் முடியும், 41,600 போதும். தொட்டி மட்டும் மூடியதாக இருக்கட்டும், அந்த வெயில் திறந்த தொட்டியைக் குடித்துவிடும்.

இன்னொன்று. வராந்தாவை நம்மூர்ப் பழக்கத்தில் தெற்கே போட்டிருக்கிறீர்கள். அங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போகும்! நிழலை வடக்குக்கு மாற்றுங்கள். மேற்கில் அந்தக் கண்ணாடிச் சுவர் வேண்டவே வேண்டாம். தடித்த சுண்ணாம்புக்கல் சுவர் வையுங்கள். சமவெளியே சுண்ணாம்புக்கல்தான். சிறிது நேரம் இறங்கி நிற்பவர்களுக்கு முழுக் கூடத்துக்கும் ஏசி எதற்கு? முதியவர்களுக்கு ஒரு சின்ன அறை போதும். கட்டடத்தின் குறுக்குவெட்டைக் காட்டும் மாற்றிய செக்‌ஷனை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.