மாத்திரையை நிறுத்திவிட்டுத் தியான முகாமுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. திருச்சியில் வங்கி ஒன்றில் பணிபுரிகிறேன். ஏழு மாதங்களுக்கு முன்பு என் கணவர் மாரடைப்பால் காலமானார். அதன்பின் தூக்கமின்மையும் படபடப்பும் தொடங்கின. இசிஜி, எக்கோ, தைராய்டு பரிசோதனைகளில் எந்தக் குறையும் இல்லை. மனநல மருத்துவர் மூன்று மாதங்களாக எஸ்சிடாலோபிராம் 10 மி.கி., இரவில் குளோனாசெபாம் 0.5 மி.கி. கொடுத்துவருகிறார், ஓரளவு தேறியிருக்கிறேன். பத்து நாள் விபாசனா முகாமுக்குச் சென்றால் மாத்திரையே தேவைப்படாது என்கிறார் என் தோழி. ஆனால் கண்ணை மூடி உட்கார்ந்தாலே ஆஸ்பத்திரியில் கழிந்த அந்த இரவுதான் வருகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு முகாமுக்குப் போகலாமா?

பதில்: உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். நீங்கள் தியானம் பழகுவதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பத்து நாள் முகாமையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் எஸ்சிடாலோபிராமைத் திடீரென்று விட்டால் தலைச்சுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு ஆகியவை சில நாட்களிலேயே தோன்றலாம். பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தர தினமும் எடுத்துவரும் குளோனாசெபாமைச் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகக் கெட்டுப் பதற்றம் திரும்பும். சிலருக்கு வலிப்புகூட வரலாம். வீட்டாரோடு பேசவும் வழியில்லாத அந்த முகாமில் இவை தலைதூக்கினால், மருந்தை விட்டதால் வந்த தொல்லை எது, துயரத்தால் வந்தது எது என்று உங்களாலும் பிரித்தறிய இயலாது, கற்பிப்பவராலும் இயலாது. மனச்சோர்வு நன்றாகத் தணிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் எஸ்சிடாலோபிராமைத் தொடர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைப்பதே வழக்கம். குளோனாசெபாம் நீண்ட காலத்துக்கு உகந்ததல்ல என்பதால், அதை எப்போது, எப்படிக் குறைக்கத் தொடங்கலாம் என்று அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

உங்கள் தோழியின் நம்பிக்கைக்கு அடிப்படை இருக்கிறது. விபாசனா, புத்தரின் மரபில் வந்த தியானம். துன்பத்தைப் பற்றிப் பேசும்போது புத்தர் இரண்டு அம்புகளை உவமையாகச் சொன்னார். ஒருவர் மீது பாயும் முதல் அம்பு, வாழ்க்கை தரும் வலி. அந்த வலியை எண்ணி எண்ணி மனம் படும் வேதனை, அதைத் தொடர்ந்து பாயும் இரண்டாவது அம்பு. பயிற்சி பெற்றவர் மீதும் முதல் அம்பு பாயும் என்பதைப் புத்தர் மறைக்கவே இல்லை. துயரத்தில் இருப்பவருக்கு இந்த நேர்மை பெரிய ஆறுதல் என்று நான் நினைக்கிறேன். கணவரின் மறைவு தந்த வலியை எந்தத் தியானமும் அகற்றிவிடாது. அழுகை வந்தால் தியானம் பலிக்கவில்லை என்றும் பொருளல்ல. ஆனால் 'இன்னும் சற்று முன்னதாக அழைத்துப் போயிருக்கலாமோ' என்று நள்ளிரவில் சுழலும் எண்ணம், நெஞ்சு படபடத்ததும் 'எனக்கும் மாரடைப்போ' என்று எழும் பயம், அந்தப் பயத்தாலேயே மேலும் கூடும் படபடப்பு ஆகியவை உங்களுக்கும் இருக்குமானால், அந்தச் சங்கிலியைத் தளர்த்தத் தியானம் உதவும். எண்ணம் எழுந்ததை அறிந்து, அதனோடு வாதாடாமல், மூச்சுக்கோ பாதத்துக்கோ கவனத்தைத் திருப்புகிறோம். மனம் நூறு முறை விலகினாலும் ஒவ்வொரு முறையும் திரும்புவதே பயிற்சி.

மருத்துவ உலகமும் இதை ஆராய்ந்திருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979-இல் ஜான் கபாட்-ஜின் பௌத்தத் தியானத்திலிருந்து எட்டு வாரப் பயிற்சி ஒன்றை உருவாக்கினார். பதற்ற நோய் உள்ள 276 பேரைச் சேர்த்து நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், அந்தப் பயிற்சி எஸ்சிடாலோபிராமுக்குக் குறையாத பலனைத் தந்தது. உங்கள் தோழி சொல்வதற்கு இது சான்றுபோலத் தோன்றலாம். ஆனால் அது, இரண்டில் ஒன்றை உரிய கண்காணிப்பில் தொடங்கியவர்களை ஒப்பிட்ட ஆய்வு. மருந்தைக் குறைப்பது பற்றி பிரிட்டனில் 424 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. மனச்சோர்வு பலமுறை வந்து, அப்போது தணிந்திருந்தவர்கள், எட்டு வாரத் தியான வகுப்போடு மருத்துவரின் துணையுடன் மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தார்கள். மருந்தைத் தொடர்ந்தவர்களோடு ஒப்பிடும்போது, இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பிய அளவில் பெரிய வேறுபாடு இல்லை.

நீங்கள் குறிப்பிடும் முகாமில் கற்பிப்பது, தியான ஆசிரியர் சயாஜி ஊ பா கினிடம் பர்மாவில் கற்ற எஸ்.என். கோயங்கா 1969 முதல் இந்தியாவில் பரப்பிய முறை. சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்திலும் அதற்கு மையம் இருக்கிறது. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, ஒன்பது நாட்கள் மௌனம் காத்து, நாளொன்றுக்குச் சுமார் பத்து மணி நேரம் தியானிக்க வேண்டும். இதனால் பெரும் பயன் பெற்றவர்கள் உண்டு. எனினும் இத்தகைய தீவிரப் பயிற்சியில் பழைய அதிர்ச்சிகள் பொங்கி எழுந்து பதற்றமும் தூக்கக்கேடும் கூடியவர்களும் உண்டு. கண்ணை மூடிய சில நிமிடங்களிலேயே அந்த இரவு திரும்பும் உங்களுக்கு, இன்றைய நிலையில் பத்து மணி நேரம் மிக அதிகம். பின்னாளில் விண்ணப்பிக்கும்போது மனநலம், மருந்து பற்றிய கேள்விகளுக்கு எதையும் மறைக்காமல் பதில் எழுதுங்கள்.

இப்போது கண்களைத் திறந்தபடியே தொடங்குங்கள். நாற்காலியில் அமர்ந்து, இரு பாதங்களும் தரையில் படும் உணர்வைப் பத்து நிமிடங்கள் கவனியுங்கள். உட்காரவே தவிப்பாக இருந்தால், மொட்டை மாடியில் மெதுவாக நடந்து, ஒவ்வோர் அடியும் ஊன்றுவதை உணருங்கள். நடைத் தியானமும் பௌத்த மரபில் தொன்றுதொட்டு வருவதுதான். அந்த இரவின் காட்சி வலுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம். எழுந்து முகத்தைக் குளிர்ந்த நீரில் கழுவி, சுற்றிலும் உள்ள பொருட்களைப் பார்த்து, யாரிடமாவது பேசுங்கள். அக்காட்சி கனவிலும் பகலிலும் அடிக்கடி வருமானால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கெனத் தனி உளவியல் சிகிச்சை உண்டு.

தூக்கம் மீண்டும் அறவே இல்லாமல் போனாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தாலோ, தியானத்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். இரவு நேரமானால் அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.