ஒரே கம்பியில் டோரியன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான்கு வருடமாக கிட்டார் வாசிக்கிறேன். மைனர் பென்டடானிக் என்ற ஐந்து சுர ஸ்கேலில் தொடங்கி, மேஜர் ஸ்கேலின் ஏழு மோடுகளையும் (அதன் ஒவ்வொரு சுரத்திலிருந்தும் தொடங்கும் வடிவங்கள்) ஃபிரெட்போர்டு முழுக்க மனப்பாடம் செய்துவிட்டேன். எந்த பொசிஷனில் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பேன். ஆனால் எதை வாசித்தாலும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. சி மேஜருக்கும் டி டோரியனுக்கும் அதே ஏழு சுரங்கள்தான் என்றால் இரண்டு பெயர் எதற்கு? வாசிக்கிற நண்பர்களிடம் பிடித்த ஸ்கேல் எது என்று கேட்டேன். ஒருவர் லிடியன் என்கிறார், ஒருவர் ஹார்மானிக் மைனர் என்கிறார், இன்னொருவர் பென்டடானிக்கைத் தாண்டவே வேண்டாம் என்கிறார். உங்களுக்குப் பிடித்தது எது? ஏன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எனக்குப் பிடித்தது டோரியன். ஏன் என்று சொல்வதற்கு முன் உங்கள் குழப்பத்தைப் பார்த்துவிடுவோம். அது தீராமல் யாருடைய பதிலும் உங்களுக்கு உதவாது.

ஏழு சுரங்களும் அதேதான். மாறுவது ஆதாரம், அதாவது இசை வந்து நிற்கிற வீட்டுச் சுரம். இருக்கிற சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு அவற்றில் வேறொன்றை ஆதாரமாக்கினால் வேறு பண் பிறக்கும். பழந்தமிழ் இசையில் இதைப் பண்ணுப்பெயர்த்தல் என்றார்கள், கர்நாடக இசையில் கிரக பேதம் என்கிறோம். சங்கராபரணத்தின் ரிஷபத்தை சட்ஜமாக்கினால் கரகரப்பிரியா. சி மேஜரின் டி-யை ஆதாரமாக்கினால் டி டோரியன். இரண்டும் ஒரே கதைதான். ஆனால் அந்த டி உண்மையிலேயே எங்காவது ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் தனியாக உட்கார்ந்து, சுருதி இல்லாமல், டி-யில் தொடங்கி டி-யில் முடிக்கிறீர்கள். காது பழக்கத்தில் சி-யையே வீடாக வைத்துக்கொண்டு கேட்கிறது. அதனால் உங்கள் ஏழு மோடுகளும் ஒரே சி மேஜராகத்தான் கேட்கும். விரல் கற்றுக்கொண்டுவிட்டது, காதுக்கு இன்னும் யாரும் எதையும் காட்டவில்லை.

இதைப் படித்ததும் கிட்டாரை எடுங்கள். ஆறாவது கம்பியைத் திறந்தபடி மீட்டுங்கள். கீழ் ஈ. அது அடங்குவதற்குள் மூன்றாவது, இரண்டாவது கம்பிகளையும் திறந்தபடியே மீட்டுங்கள். ஜி, பி. ஆதாரமும் மைனர் காந்தாரமும் பஞ்சமமும் வந்துவிட்டன. பி எந்தச் சலனமும் இல்லாமல் ஈ-யின் மேல் உட்கார்ந்திருக்கும். இப்போது இரண்டாவது கம்பியின் முதல் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள கட்டம்; ஒவ்வொன்றும் ஓர் அரைச்சுரம்) விரலை வையுங்கள். சி. அது அங்கே நிற்க மாட்டேன் என்கிறது, கீழே பி-க்கு இறங்கத் தவிக்கிறது. இறக்கிவிடுங்கள், நெஞ்சில் ஒரு பாரம் இறங்குவது தெரியும். இயல்பான மைனரின் சோகம் முழுக்க அந்த அரைச்சுரத்தில்தான் இருக்கிறது. நம் கணக்கில் அது சுத்த தைவதம், ராகம் நடபைரவி.

அடுத்து அதே விரலை ஒரு ஃபிரெட் தள்ளுங்கள். சி ஷார்ப். ஆறாவது கம்பி ஒலித்துக்கொண்டே இருக்கட்டும். இது இறங்கத் துடிக்கவில்லை. துக்கம் துக்கமாகவே இருக்கிறது, ஆனால் அறையில் ஒரு ஜன்னல் திறந்துகொள்கிறது. மூன்றாவது கம்பியின் ஜி-யோடு சேர்த்துக் கேட்டால் உள்ளே ஒரு விறைப்பும் உண்டு, ஏனென்றால் ஜி-க்கும் சி ஷார்ப்புக்கும் நடுவே ஆறு அரைச்சுரம், ஸ்தாயியின் சரிபாதி. அந்த ஒரு சுரம்தான் டோரியன். மற்ற ஆறும் அதற்குத் துணை. நானும் உங்களைப் போல வடிவங்களாகவே கற்றவன். இந்த ஒரு ஃபிரெட் வித்தியாசம் காதில் விழுந்த மாலையில் வேறு எதையும் வாசிக்கவில்லை, பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கும் சி ஷார்ப்பிலிருந்து பி-க்கும் போய்க்கொண்டே இருந்தேன்.

நண்பர்கள் சொன்ன பதில்களும் இப்படித்தான், ஒவ்வொன்றும் ஒரு சுரத்தின் மேல் உள்ள ஆசை. லிடியன் என்பவர் பிரதி மத்தியமத்தை விரும்புகிறார், கல்யாணிக்கு வெளிச்சம் தரும் அதே சுரம். ஹார்மானிக் மைனர்காரருக்குப் பிடித்தது தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவே உள்ள மூன்று ஃபிரெட் தாவல். அது கீரவாணி. ஃபிளமெங்கோ வாசிப்பவர்கள் ஃபிரிஜியனை விடமாட்டார்கள். ஆதாரத்துக்கு ஒரே ஒரு ஃபிரெட் மேலே ரிஷபம், ஈ-யை ஒட்டி எஃப். எஃப் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரத்தொகுப்பு) பிடித்து முதல் இரண்டு கம்பிகளைத் திறந்தே விட்டுப் பாருங்கள், அந்த உரசல் கிட்டாரிலேயே பிறந்தது போலிருக்கும்.

பென்டடானிக் போதும் என்ற நண்பரை மட்டும் குறைவாக நினைத்துவிடாதீர்கள். கிட்டாரின் ஆறு கம்பிகளையும் திறந்தபடி வரிசையாக மீட்டினால் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. இதை அடுக்கி எழுதினால் ஈ, ஜி, ஏ, பி, டி. அதுதான் ஈ மைனர் பென்டடானிக், ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நம் சுத்த தன்யாசியின் சுரங்கள். விரலே வைக்காமல் இந்தக் கருவி தருகிற ஸ்கேல் இது. ப்ளூஸ் கலைஞர்கள் இதில் ஜி-யைச் சற்றே இழுத்து, ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவே, எந்த ஃபிரெட்டிலும் இல்லாத ஓரிடத்தில் நிறுத்துவார்கள். ஐந்து சுரத்துக்குள் ஒரு வாழ்நாளுக்கான வேலை இருக்கிறது.

பென்டடானிக் திறந்த கம்பிகளில் இருக்கிறது என்றால் டோரியன் புள்ளிகளில் இருக்கிறது. இது எனக்கு மிகப் பிடித்த விஷயம். உங்கள் கிட்டாரின் கழுத்தில் 3, 5, 7, 9, 12 ஆகிய ஃபிரெட்டுகளில் புள்ளி வைத்திருப்பார்கள். ஏதாவது ஒரு கம்பியை ஆதாரமாக வைத்துக்கொண்டு அதே கம்பியில் டோரியன் வாசித்தால் 0, 2, 3, 5, 7, 9, 10, 12. எல்லாப் புள்ளியும் உள்ளே வந்துவிடுகிறது, புள்ளி இல்லாதவை 2-ம் 10-ம் மட்டுமே. அவை இரண்டும் ஆதாரத்திலிருந்து இரண்டிரண்டு ஃபிரெட் தள்ளி, ஒன்று மேலே, ஒன்று கீழே. இடைவெளிகளைச் சொல்லிப் பாருங்கள்: இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு. பின்னாலிருந்து படித்தாலும் அதுவேதான். ஏழு மோடுகளில் இந்தச் சமச்சீர் டோரியனுக்கு மட்டும்தான். லிடியனில் தொடங்கி ஒவ்வொரு சுரமாக அரைச்சுரம் இறக்கிக்கொண்டே போனால் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகிற வரிசை ஒன்று கிடைக்கும்: லிடியன், ஐயோனியன் (அதாவது மேஜர்), மிக்சோலிடியன், டோரியன், ஏயோலியன் (இயல்பான மைனர்), ஃபிரிஜியன், லோக்ரியன். டோரியன் நடுவில் நிற்கிறது. கடைசியில் நிற்கும் லோக்ரியனில் பஞ்சமமே இறங்கிவிடுகிறது, அதனால் பஞ்சமம் அசையாத நம் 72 மேளகர்த்தா ராகங்களில் அதற்கு இடமில்லை.

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-ல் பதிவுசெய்த 'ஸோ வாட்' 32 பார்கள் (தாள அளவுகள்) கொண்டது. முதல் 16 பார் டி டோரியன், அடுத்த 8 பார் அப்படியே அரைச்சுரம் ஏறி ஈ ஃபிளாட் டோரியன், மறுபடி 8 பார் டி. கார்டுகள் ஓடிக்கொண்டே இருந்தால் வாசிப்பவர் அவற்றைத் துரத்த வேண்டியிருக்கும். இங்கே 16 பார் ஒரே இடம். ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு அது என்ன செய்கிறது என்று காத்திருந்து கேட்க முடிகிறது. கிட்டாரில் நடுப்பகுதிக்குச் செய்ய வேண்டியது கையை ஒரு ஃபிரெட் நகர்த்துவது மட்டும்தான். அந்த ஒரு நகர்வில் மொத்த நிறமும் மாறுவதைக் கேளுங்கள்.

ராகப் பெயர்களை அடையாளத்துக்காகத்தான் சொன்னேன். ஃபிரிஜியனும் தோடியும் ஒரே சுரங்கள், ஆனால் ஃபிரிஜியனை ஃபிரெட் ஃபிரெட்டாக வாசித்தால் தோடி வராது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற சுரமே அல்ல, அது அசைவில்தான் இருக்கிறது. கரகரப்பிரியாவுக்கும் டோரியனுக்கும் இதே தூரம் உண்டு. ஸ்கேல் என்பது சுரங்களின் பட்டியல், ராகம் அந்தச் சுரங்கள் நடக்கிற விதம்.

இந்த ஒரு மாதம் ஏழு வடிவங்களையும் விட்டுவிடுங்கள். ஐந்தாவது கம்பியைத் திறந்தபடி ஆதாரமாக ஒலிக்கவிட்டு, நான்காவது கம்பியில் மட்டும் ஏ டோரியன் வாசியுங்கள். 7-வது ஃபிரெட்டில் ஏ, அங்கேதான் வீடு. 4-வது ஃபிரெட்டில் எஃப் ஷார்ப், டோரியனின் அந்த ஒரு சுரம். ஏறும்போதும் இறங்கும்போதும் அங்கே போய் நில்லுங்கள். ஆதாரம் அடங்கினால் வாசிப்பதை நிறுத்தி மறுபடி மீட்டிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் 3-வது ஃபிரெட்டை வையுங்கள். அந்த எஃப் இறங்கத் தவிக்கிறதா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.