தோப்பில் ஓர் இரவு: சைக்கிளில் எவ்வளவு சுமை போதும்?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை. வயது 27. ஒன்றரை வருடமாகக் கியர் சைக்கிள் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் 40 கிலோமீட்டர் வரை சிரமமில்லாமல் போய்வருவேன். நானும் என் மச்சானும் இந்தக் குளிர்காலத்தில் டென்ட் எடுத்துக்கொண்டு ஓர் இரவு வெளியே தங்கிவிட்டு வர ஆசைப்படுகிறோம். கொல்லங்கோடு தாண்டி, நெல்லியாம்பதி மலையடிவாரத்தில் டென்ட் போடலாம் என்று யோசனை. வீடியோக்களில் காட்டும் சாமான்களைக் கூட்டிப் பார்த்தால் என் இரண்டு மாதச் சம்பளம் வருகிறது. ஆளுக்கு 4,000 ரூபாய்க்குள் முடியுமா அண்ணா? எதை எடுப்பது, எதை விடுவது? என் மாமியார் வேறு, "பாம்பு பூச்சி இருக்கற இடத்துல ராத்திரி தரையில படுக்கறதா?" என்று சத்தம் போடுகிறார்.

பதில்: முடியும் தம்பி. ஆளுக்கு 4,000 தாராளமாகப் போதும். ஆனால் சாமானைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இடத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். எங்கே படுக்கப் போகிறீர்கள் என்று முடிவாகிவிட்டால், எதைச் சுமப்பது என்பது பாதி முடிவான மாதிரிதான்.

மலையடிவாரம் வேண்டாம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தாலே குற்றம், டென்ட் போடுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை. காட்டுக்கு வெளியே பட்டா நிலம்தானே என்றாலும், முதலமடை, கொல்லங்கோடு ஓரங்களில் ராத்திரியில் யானை இறங்கும். அந்தப் பக்கத்து மாந்தோப்புகளும் சரிவராது. நீங்கள் போக நினைக்கும் குளிர்காலத்தில்தான் மாமரம் பூ எடுக்கும், மருந்து அடிப்பார்கள். ஆற்று மணலும் வேண்டாம். காயத்ரிப்புழை வறண்டு கிடக்கும்போது படுக்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மேலே மீன்கரை, சுள்ளியாறு என்று அணைகள் இருக்கின்றன. ஷட்டரை எப்போது திறப்பார்கள் என்று நமக்கு வந்து சொல்ல மாட்டார்கள்.

சரி, எங்கே போவது? கிழக்கே திரும்புங்கள் தம்பி. கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சி வரைக்கும் தென்னந்தோப்புதான். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடைப் பக்கத்துக் குடும்பங்களில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் சொந்தம் இல்லாத குடும்பம் அபூர்வம். பெண் கொடுத்தது, எடுத்தது என்று யாராவது இருப்பார்கள். ஒரு சித்தப்பாவோ பெரியம்மாவோ, அவர்களுக்குத் தெரிந்த தோப்புக்காரரோ கிடைப்பார். போன் பண்ணி, "சனிக்கிழமை சாயங்காலம் நாங்க ரெண்டு பேர் சைக்கிள்ல வர்றோம், களத்துல டென்ட் போட்டுப் படுத்துட்டுக் காலையில கிளம்பிருவோம்" என்று கேளுங்கள். வீட்டுக்குள் படுக்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். அதிலிருந்து தப்பிப்பதுதான் கஷ்டம்! முதல் ராத்திரியை உங்கள் பெயர் தெரிந்தவர் நிலத்தில் கழிப்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். கிணறு எங்கே, நாய் கடிக்குமா, மோட்டார் எத்தனை மணிக்கு ஓடும், எல்லாம் அவருக்குத் தெரியும். நடு இரவில் ஏதாவது ஆனால் அவருடைய தோட்டத்து வீட்டுக் கதவை, அதாவது சாளைக் கதவைத் தட்டலாம். மாமியாரிடம் அவருடைய நம்பரையும் கொடுத்துவிட்டுப் போங்கள், பாதிச் சத்தம் அதிலேயே அடங்கும்.

கிழக்கே போகச் சொல்வதற்குக் காற்றும் ஒரு காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப்போன பாலக்காட்டுக் கணவாயின் வாயிலேயே நீங்கள் இருக்கிறீர்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை அதில் கிழக்கிலிருந்து கீழைக்காற்று விடாமல் அடிக்கும். தென்மேற்கே கொல்லங்கோட்டுக்குப் போனால் போகும்போது காற்று முதுகைத் தள்ளும். மறுநாள், சரியாகத் தூங்காத உடம்போடு, சுமையோடு, அதே காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். கிழக்கே போனால் தெம்பாக இருக்கும்போது எதிர்க்காற்று, களைத்திருக்கும்போது காற்றே வீடு சேர்க்கும். தென்மேற்குப் பருவ மாதங்களில் இது அப்படியே தலைகீழ். மார்ச்சுக்கு அப்புறம் யோசிக்கவே வேண்டாம், பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும்.

தோப்புக்குள் போனதும் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். தென்னை மரத்துக்கு அடியில் படுக்கக் கூடாது. நிழல், பஞ்சு மாதிரி மண், டென்ட் போடு போடு என்று கூப்பிடும். மேலே பாருங்கள். பழுத்துத் தொங்கும் மட்டை ஒன்றாவது இருக்கும். காற்றே இல்லாத ராத்திரியில்கூட அது கழன்று விழும். உரிக்காத தேங்காய் ஒரு கிலோவுக்கு மேல், விழும் உயரம் நாற்பது ஐம்பது அடி. டென்ட் துணி அதற்கு ஒரு தடையே இல்லை. தேங்காய் காயப்போடும் களமோ, சாளைக்கு முன்னால் இருக்கும் வாசலோதான் சரியான இடம். களம் சிமென்ட் என்றால் முளை இறங்காது. நாலு மூலைக் கயிற்றையும் செங்கல்லில் சுற்றி வைத்துவிடலாம். மண் என்றால் முளையை டென்டுக்கு வெளிப்பக்கமாகச் சாய்த்து அடியுங்கள், நேராக அடித்தால் காற்று பிடுங்கிவிடும். டென்டின் வாசல் கிழக்கே பார்க்க வேண்டாம். காற்று உள்ளே புகுந்தால் விடிய விடியப் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும்.

இனி சுமை. என் முதல் பயணத்தில் கேரியரில் 19 கிலோ ஏற்றினேன். மண்ணெண்ணெய் ஸ்டவ், இரண்டு பாத்திரம், 2 கிலோ அரிசி, கம்பளி, தலையணை எல்லாம் இருந்தது. கோவிந்தாபுரம் தாண்டியதும் பின்சக்கரத்தில் டிங்கென்று ஒரு சத்தம். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. இரண்டு போக்ஸ் கம்பி போய், ரிம் பெண்டாகி, பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்துவிட்டது. பிரேக்கைக் கழற்றிவிட்டு ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போனேன். அந்த அரிசியைச் சமைக்கவே இல்லை. அன்றிலிருந்து சைக்கிளில் எதை வைத்தாலும் முதலில் எடை பார்க்கிறேன்.

நீங்களும் அதையே செய்யுங்கள். எடுக்க நினைப்பது எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுப் பழைய இரும்புக் கடைத் தராசிலோ மளிகைக் கடைத் தராசிலோ தொங்கவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஆளுக்கு 5 கிலோ, அதிகம் போனால் 6. அதைத் தாண்டினால் எதையாவது வெளியே எடுங்கள்.

இரண்டு பேர் போவதில் பெரிய லாபம், பொதுச் சாமான் ஒன்றுதான். இரண்டு பேர் படுக்கும் சாதாரண டென்ட் இரண்டரைக் கிலோ வரும். துணி உங்களிடம், கம்பியும் முளையும் மச்சானிடம். பஞ்சர் சாமான், பம்பு, ஆலன் கீ எல்லாம் ஒரே செட் போதும். உங்கள் பணத்தில் பாதி டென்டுக்குப் போகும், போகட்டும். வலை முழுவதும் ஜிப் வைத்து மூடுவதாக, தரைத்துணி சுவரோடு சேர்த்துத் தைத்ததாக இருக்கிறதா என்று கடையிலேயே விரித்துப் பாருங்கள். ஸ்லீப்பிங் பேக் வாங்காதீர்கள். உங்கள் சமவெளியில் மார்கழியிலும் ஒரு பருத்திப் போர்வையும் முழுக்கைச் சட்டையும் போதும். கீழே விரிக்க ஒரு ஃபோம் மேட் மட்டும் கட்டாயம் வேண்டும், சிமென்ட் களம் விடியற்காலையில் சில்லிட்டுவிடும். மாற்றுத்துணியைப் பையில் திணித்தால் அதுவே தலையணை. தலையில் மாட்டும் லைட் ஒன்று வாங்குங்கள், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும்.

ஸ்டவ் வேண்டாம். காய்ந்த மட்டையும் பன்னாடையும் கிடக்கும் தோப்பில் நெருப்பே வேண்டாம். இதற்காகத்தானே நம் ஆட்கள் கட்டுச்சோறு கண்டுபிடித்தார்கள்? நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளிசாதத்தை வாட்டிய வாழையிலையில் கட்டினால் மறுநாள் காலை வரை கெடாது. தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும், வேண்டாம். காலைக்கு டீக்கடை இருக்கிறது. தண்ணீர் மட்டும் குறைக்கக் கூடாது, கிளம்பும்போது ஆளுக்கு 3 லிட்டர். அது 3 கிலோ என்பதும் நினைவிருக்கட்டும். மற்றதைக் குறைப்பதே இதைச் சுமக்கத்தான்.

முதுகில் பை மாட்டாதீர்கள். பத்துக் கிலோமீட்டரில் தோள் வலிக்கும், முதுகு நனையும், வளைவில் சைக்கிள் ஆடும். சுமை முழுவதும் கேரியரில் இருக்க வேண்டும், கனமானது அடியில். கேரியரின் இரண்டு காலும் பின் அச்சுப் பக்கத்தில் போல்ட்டில் நிற்கிறதா பாருங்கள். சீட் கம்பியை மட்டும் கவ்விப் பிடிக்கும் கேரியர் பெரும்பாலும் பத்துக் கிலோவுக்கே தடுமாறும், குழியில் இறங்கினால் பக்கவாட்டில் திரும்பிவிடும். கட்டுவதற்குப் பழைய சைக்கிள் டியூப்பை நீளமாக வெட்டிய பட்டைக்கு நிகர் எதுவும் இல்லை. பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். இழுத்துச் சுற்றி, நுனியை உள்ளே செருகிவிடுங்கள். ஒரு விரல் நீளம் தொங்கினாலும் செயினுக்குள் போய்விடும்.

பையை விலை கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை, தையல் கடையில் தார்ப்பாய்த் துணி கொடுத்து உருளையாகத் தைத்துக்கொள்ளலாம். தாமஸ் ஹிராம் ஹோல்டிங் என்று லண்டனில் ஒரு தையற்காரர் இருந்தார். 1897இல் நண்பர்களோடு அயர்லாந்தில் சைக்கிளில் போய்க் கூடாரம் போட்டுத் தங்கினார். சைக்கிளில் ஏற்றக்கூடிய லேசான கூடாரத்தை வடிவமைத்தவர்களில் அவர் முன்னோடி. 1901இல் சைக்கிள் முகாம்காரர்களுக்கென்று சங்கமே ஆரம்பித்தார். இன்று பிரிட்டனில் இருக்கும் பெரிய முகாம் சங்கம் அதிலிருந்து வளர்ந்ததுதான். எனக்கு அவரைப் பிடிப்பதற்குக் காரணம், கடையில் கிடைக்காததை வெட்டித் தைத்துப் பார்த்தார் என்பதே. உங்கள் ஊர்த் தையற்காரரும் செய்வார், பக்கத்தில் உட்கார்ந்து அளவு சொல்லுங்கள்.

மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். அவர் சொல்வது நியாயமான பயம், அதைத் தள்ளிவிடாதீர்கள். தரையில் படுப்பவர்களுக்கு எமன் கட்டுவிரியன், உங்கள் பக்கத்து மலையாளத்தில் வெள்ளிக்கெட்டன். ராத்திரியில்தான் நடமாடும், படுக்கைக்குள் புகும். கடித்தால் பெரிதாக வலிக்காது, பல் பட்ட தடமும் சரியாகத் தெரியாது. அதனால்தான் பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. ஆனால் ஜிப் முழுவதும் மூடிய டென்டுக்குள் அது வர வழியில்லை. ஒரு நிமிடம் வெளியே போனாலும் மூடிவிட்டுப் போங்கள். செருப்பும் ஷூவும் உள்ளே இருக்கட்டும். சோற்றுப் பருக்கை சிந்தினால் எலி வரும், எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும், அதனால் சாப்பாடு டென்டிலிருந்து தள்ளி. தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் டென்ட் போடாதீர்கள். விடியற்காலையில் யாருக்காவது காரணமில்லாமல் வயிறு வலித்து, கண் இமை கனத்து இறங்கினால் கடித்த தடம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். 108க்குப் போன் பண்ணி, பாம்புக்கடி மருந்து இருக்கும் பெரிய அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். கட்டுப் போட்டு இறுக்குவதும் கீறுவதும் கூடாது. 108 இரண்டு மாநிலத்திலும் எடுக்கும், ஆனால் நீங்கள் நிற்கும் ஊர்ப் பெயரைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தோப்புக்காரரிடம் போனவுடனே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் மாமியார் முன்னாலேயே படித்துக் காட்டுங்கள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு டென்டை மொட்டை மாடியில் போட்டு இருவரும் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். எந்தக் கம்பி எந்த ஓட்டைக்கு என்பது கைக்குப் பழகட்டும், மச்சானின் குறட்டை காதுக்குப் பழகட்டும். பயண நாளில் சாயங்காலம் நாலரைக்குள் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஒதுங்க வேண்டுமானால் சாளையில் கேளுங்கள். இல்லையென்றால் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் நன்றாகத் தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி மூடிவிடுங்கள்.

காலையில் கிளம்பும் அவசரத்தில் ஒரு வேலையை விட்டுவிடாதீர்கள். தோப்பு வேலியெல்லாம் கருவேல முள். சைக்கிளை நகர்த்துவதற்கு முன்னால் பழைய துணி ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு இரண்டு டயரையும் மேலே ஒரு சுற்றுத் தடவுங்கள். முள் நுனி துணியில் மாட்டும். முழுவதும் இறங்காததாக இருந்தால் நகத்தால் எடுத்துவிடலாம், டியூப் தப்பிக்கும். ஏற்கெனவே பஞ்சர் ஆகியிருந்தால், டியூப்பைக் கழற்றிய பிறகு அதே துணியால் டயரின் உள்பக்கத்தையும் தடவுங்கள். உடைந்த முள் முனை ரப்பருக்குள் மறைந்திருக்கும், அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அரை மணி நேரத்தில் அதுவும் போகும்.

டென்டின் உள்பக்கம் மூச்சுக்காற்றில் நனைந்து சொட்டும், புது டென்ட் ஒழுகுகிறது என்று பயப்படாதீர்கள். அப்படியே சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம். வீட்டுக்கு வந்ததும் கொடியில் போட்டு அரை நாள் நிழலில் காயவிடுங்கள், ஈரத்தோடு மடித்து வைத்தால் அடுத்த சனிக்கிழமைக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.