பல் எக்ஸ்ரே ஏன் மங்குகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

குளிர் மாதங்களில் எங்கள் பிலிம்கள் வெளிறிப்போகின்றன. மெஷினில் நேரத்தைக் கூட்டினால் கொஞ்சம் தெளிகிறது. அப்படியே தொடரலாமா? (கிளினிக் உதவியாளர், நுவரெலியா)

வேண்டாம். அதற்கு விலை நோயாளிக்குப் போகும் கூடுதல் கதிர். உங்கள் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது டெவலப்பரை, அதாவது பிலிமில் படத்தைத் தெரிய வைக்கும் கரைசலைத்தான். கையால் கழுவும் பிலிமுக்கு 20 பாகை செல்சியஸில் சுமார் 5 நிமிடம் என்பது வழக்கமான கணக்கு. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவுதான். காலையில் டார்க் ரூம் அதைவிடக் குளிர்ந்திருக்கும். டெவலப்பரில் உள்ள ஹைட்ரோகுயினோன் 13 பாகைக்குக் கீழே போனால் கிட்டத்தட்ட வேலை செய்யாது. அப்போது கடிகாரத்தைப் பார்த்து 5 நிமிடம் வைத்தும் பயனில்லை.

ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். டெவலப்பர் பாத்திரத்தை வெதுவெதுப்பான நீருள்ள பெரிய தட்டில் வையுங்கள். சுடுநீரை அதற்குள்ளேயே ஊற்றிவிடாதீர்கள், கரைசல் நீர்த்துவிடும். வெப்பத்துக்கேற்ற நேர அட்டவணை டெவலப்பருடன் வரும், அதைச் சுவரில் ஒட்டுங்கள். புதுக் கரைசலில் கழுவிய நல்ல பிலிம் ஒன்றைப் பக்கத்தில் மாட்டி வைத்து, தினமும் ஒப்பிடுங்கள். கரைசல் பழுப்பாகிவிட்டதா? சிக்கனம் பார்க்காமல் மாற்றுங்கள்.

என் உதவியாளர்களைப் பயிற்சிக்கு அனுப்பலாமா? (பல் வைத்தியர், ஹட்டன்)

அனுப்புங்கள், நல்லதுதான். ஆனால் ஒருநாள் விரிவுரை கேட்டுவிட்டு வருபவர் அடுத்த மாதம் பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடுவார். கழித்த பிலிம்களை வீசாமல் ஒரு பெட்டியில் போட்டு, ஒவ்வொன்றிலும் காரணத்தை எழுதச் சொல்லுங்கள்: வேர்நுனி விழவில்லை, ஓரம் வெட்டுப்பட்டது, பிலிம் திருப்பி வைக்கப்பட்டது, வெளிறியது. வாரத்தில் ஒருநாள் எல்லோரும், பிலிமை ஒளியில் காட்டும் வியூவர் முன் உட்காருங்கள், நீங்களும்தான். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால், பயிற்சி அதில்தான் வேண்டும். யாருடைய பிலிம் என்று கேட்டுத் திட்ட ஆரம்பித்தால் அடுத்த வாரம் பெட்டி காலியாகத்தான் இருக்கும்!

இலக்கு வேண்டுமானால் பிரிட்டனின் 2020 வழிகாட்டியைப் பார்க்கலாம். பிலிமில் 100க்கு 90, டிஜிட்டலில் 95 படங்களாவது நோயைக் கணிக்கப் பயன்பட வேண்டும் என்கிறது அது.

ஒருவருக்குப் பல் நீண்டு விழுகிறது, இன்னொருவருக்குக் குட்டையாக விழுகிறது. ஏன்? (பண்டாரவளை)

காரணம் எக்ஸ்ரே குழாயின் மேல்கீழ்ச் சாய்வு. மாலை வெயிலில் நிழல் நீளும், உச்சி வெயிலில் குறுகும், அதே கதைதான். சாய்வு குறைந்தால் பல் நீளும், கூடினால் குறுகும். நோயாளியின் விரலால் பிலிமைப் பிடிக்க வைப்பதை விட்டு, ஹோல்டர் பயன்படுத்துங்கள். பிலிம் பல்லுக்கு இணையாக நிற்கும், குழாய் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அதன் வளையமே காட்டிவிடும். வேர்நுனிக்கு அப்பால் 2, 3 மில்லிமீட்டர் எலும்பும் படத்தில் விழ வேண்டும்.

மகளுக்கு ஒரே பல்லை இரண்டு தடவை எடுத்தார்கள். பயப்பட வேண்டுமா? (தாய், தலவாக்கலை)

இல்லை, அம்மா. சிறிய பல் எக்ஸ்ரே ஒன்றின் கதிர், இயற்கையாகவே நம் மீது ஓரிரு நாளில் படும் அளவுதான். ஆனாலும் ஏன் திரும்ப எடுத்தீர்கள் என்று கேளுங்கள். சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

சிறு பிள்ளைகள் அசைகிறார்கள். பிலிமை நானே பிடித்துக்கொள்ளலாமா? (பதுளை)

ஒருபோதும் கூடாது. எக்ஸ்ரே எடுக்கும்போது ஊழியர் குறைந்தது 2 மீட்டர் தள்ளி, கதிர் போகும் வழிக்கு வெளியே நிற்க வேண்டும். பிடித்தே ஆக வேண்டுமென்றால், ஈய ஏப்ரன் போட்ட பெற்றோர் பிடிக்கட்டும். கர்ப்பிணித் தாயாக இருந்தால் வேறொருவர். குமட்டல்தான் சிக்கல் என்றால் முன்பற்களில் தொடங்கி, மூக்கால் மூச்சுவிடச் சொல்லுங்கள். கடைவாய்க்கு அப்புறம் போகலாம்.